உடற்பயிற்சிக் கழகமும் வரவு செலவும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் பெரியோர். உடலைப் பேணும் கழகங்களுக்கும் ஒரு சுவர் உண்டு. அதுவே அவற்றின் நிதிநிலை.

இலாப நோக்கமற்ற சிறு கழகம் ஒன்றில் 60 உறுப்பினர்கள். மாதச் சந்தா 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஏட்டின்படி வரவு 6,000 ரூபாய். இருபது பேர் சந்தா செலுத்தாவிடில் கைக்கு வருவது 4,000. வாடகை 3,000, மின்கட்டணம் 700 போக எஞ்சுவது 300. பழுதான கருவியைச் செப்பனிட இது போதுமா? கருவி மூலையில் கிடக்கும். பயில வருவோர் குறைவர். சந்தா மேலும் குறையும். சிறு கழகங்கள் பகையால் அழிவதில்லை. இவ்வாறு மெல்லத் தேய்ந்தே மறைகின்றன.

சந்தாவை உயர்த்தினால் என்ன என்று சிலர் கேட்கலாம். உயர்த்தினால் முதலில் வெளியேறுபவன் ஏழை மாணவன். அவனுக்கும் இடமளிக்கவன்றோ கழகம் தோன்றியது? செல்வர் ஒருவரின் நன்கொடையை மட்டும் நம்புவதும் தகாது. அவர் கைவிட்டால் கழகமும் வீழும்.

2004 அக்டோபர் 2 அன்று இலண்டன் புஷி பூங்காவில் 13 பேர் ஓடித் தொடங்கிய 'பார்க்ரன்' இயக்கம், இன்று பல நாடுகளில் வாரந்தோறும் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைக் கட்டணமின்றி நடத்துகிறது. ஆதரவு நிறுவனங்களின் நிதி அதற்கு உண்டு. எனினும், பொதுப் பூங்காவே களமாகவும் தொண்டர்களே பணியாளராகவும் இருப்பதால்தான் செலவு அடங்கி நிற்கிறது. நிலையான செலவைக் குறைப்பதே முதல் பாடம்.

நம் ஊர்க் கழகங்களும் ஓட்டத்தையும் தண்டாலையும் திடலில் நடத்தலாம். சந்தா செலுத்த இயலாதவர் தம் உழைப்பைத் தரலாம். மூன்று மாதச் செலவுக்கான சேமநிதியை விழாச் செலவுக்குத் தொடாது காக்கலாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், பதிவுபெற்ற சங்கங்கள் முறையாகக் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது. அக்கணக்கு பெட்டிக்குள் உறங்காமல், மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும். பணம் போகும் வழி தெரிந்தால் தயங்குபவரும் தருவர்.

வணிகவியல் பயிலும் நண்பர்களே! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முதுமொழி. வாரம் ஒரு மணி நேரம் உங்கள் ஊர்க் கழகத்தின் ஏட்டை எழுதிக் கொடுங்கள். நீங்கள் எடை தூக்காவிட்டாலும், தூக்குபவனுக்கு ஓர் இடம் நிலைக்கும்.