வளர்ப்பு மீனுக்கு யார் தீனி போடுகிறார்கள்?

மன்னாரில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. கடலில் மீன் குறைந்துவிட்டதாம், இனி வளர்த்துத்தான் எடுக்க வேண்டுமாம், அப்போதுதான் கடலுக்கும் ஓய்வு கிடைக்குமாம். அதிகாரிகள் சொன்னதை இப்போது சங்கத் தலைவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மீன் குறைந்தது உண்மை. வளர்ப்பு மீனால் கடலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதை நான் ஏற்க மாட்டேன். கொடுவாவும் களி நண்டும் இறாலும் எதைத் தின்று வளர்கின்றன என்று யாரும் கேட்காதவரை மட்டுமே அந்தப் பேச்சு எடுபடும்.

கொடுவா ஊனுண்ணி. பசித்தால் தன்னோடு கூட்டில் வளரும் சிறிய கொடுவாவையே விழுங்கிவிடும். அதனால்தான் வளர்ப்பவர்கள் அளவு பார்த்து அடிக்கடி பிரித்து விடுகிறார்கள். பொடிமீனை வெட்டிப் போட்டு வளர்த்தால் 1 கிலோ கொடுவாவுக்கு 4 முதல் 8 கிலோ வரை போகும். சூடை வகை மீனையே பச்சையாக நெடுநாள் கொடுத்தால், அதிலுள்ள ஒரு நொதியம் வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். மீன் நிலைதடுமாறிச் சாய்ந்து நீந்தும், தீனி எடுக்காது. பிறகு வைட்டமின் கலவை வாங்கித் தீனியோடு பிசைய வேண்டும். பொடிமீன் மலிவான தீனி என்ற கணக்கு அங்கேயே பிழைத்துவிடுகிறது.

நாங்கள் பொடிமீன் போடுவதில்லை, மூட்டையில் வரும் குறுணைத் தீனிதான் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் குறுணையிலும் மீன்தூள் இருக்கிறது. 1 கிலோ மீன்தூளுக்கு 4 முதல் 5 கிலோ பச்சை மீன் வேண்டும். 2020இல் மட்டும் உலகில் பிடிபட்ட மீனில் சுமார் 1 கோடி 60 லட்சம் தொன் மீன்தூளாகவும் மீனெண்ணெயாகவும் போனது. மனிதர் தின்னாத மீன்தானே என்று ஆறுதல் சொல்வதற்கும் இடமில்லை. அப்படி அரைக்கப்படும் மீனில் ஏறக்குறைய 90 சதவீதம் மனிதர் உண்ணத் தக்கது என்று பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2017இல் எழுதினார்கள். எங்கள் கரைக்கு இந்த ஆய்வு தேவையே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காரல் சொதி வைத்துக் கொடுப்பதும், கடலுக்குப் போக முடியாத மாதத்தில் சூடைக் கருவாட்டோடு பிட்டுத் தின்பதும் பேசாலையிலும் வங்காலையிலும் எல்லோருக்கும் தெரியும். அந்த மீன் கூட்டுக்குள் போய்க் கொடுவாவாக வெளியே வந்தால், அதை வாங்குவது கொழும்பு ஹோட்டல்கள். பிடித்தவன் வீட்டுச் சட்டிக்கு அது வராது.

இழுவைப் படகையும் இதிலிருந்து பிரித்துப் பேச முடியாது. இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் எங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகும்போது வயிறு எரிகிறது. இங்கே 2017இல் சட்டத்தைத் திருத்தி இழுவை மடியைத் தடை செய்தோம். ஆனால் அந்தப் படகுகள் அள்ளுவதில் இறாலோடு குஞ்சும் பொடியுமாக வரும் குவியலை அக்கரையில் சங்காயம் என்று சொல்லி மீன்தூள் ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் விற்கிறார்கள். ஒருகாலத்தில் கடலிலேயே கொட்டப்பட்டது இன்று டீசல் காசுக்கு உதவுகிறது. தீவன ஆலை வாங்கும்வரை, அடியை வாரும் மடிக்கு நட்டம் என்ற பேச்சே இல்லை. மீன்தூள் தின்னும் வளர்ப்பைப் பெருக்கிக்கொண்டே இழுவை மடியை எதிர்ப்பது தன் கையால் தன் கண்ணைக் குத்துவது.

வழி இல்லாமல் இல்லை. குளிர்நாடுகளில் வளர்க்கும் ட்ரவுட்டும் சால்மனும் கொடுவாவைப் போலவே ஊன் தின்னும் மீன்கள்தான். அவற்றுக்கு மீன்தூளுக்குப் பதிலாகச் சோயாவைக் கூடுதலாகக் கொடுத்தபோது குடல் அழன்றது, பொசுபரசு உடலில் சேராமல் நீரை மாசாக்கியது. விட்டுவிடவில்லை, லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களைச் சேர்த்தார்கள், பைட்டேஸ் நொதியம் கலந்தார்கள், ஈப்புழுத் தூளையும் பார்த்தார்கள். நோர்வேயின் சால்மன் தீனியில் 1990இல் சுமார் 90 சதவீதமாக இருந்த கடற்பொருள் 2013இல் சுமார் 30 ஆயிற்று. அதற்கும் விலை உண்டு: வளர்ப்பு சால்மனில் ஒமேகா-3 குறைந்தது, சோயாவுக்காக எங்கோ காடு அழிந்தது. ஆனாலும் தீனி என்ற கேள்வியை அவர்கள் நேர்நின்று கேட்டார்கள். இங்கே நீருயிரின வளர்ப்பு அதிகார சபையான நக்டாவின் திட்டக் கூட்டங்களில் குஞ்சு எவ்வளவு, கூடு எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு என்ற பேச்சு மட்டும் பெரிதாகக் கேட்கிறது.

தீனி கேட்காததும் குறைவாகக் கேட்பதும் எங்கள் கரையிலேயே இருக்கின்றன. பால்மீன் பாசி தின்று வளரும். மட்டி நீரை வடித்தே உண்ணும். கடலட்டை அடிமண்ணில் கிடப்பதைத் தின்னும். ஆனால் கடலட்டைக்காகக் கரைக்கடலை வேலி போட்டு மறித்து, கரைவலைக்காரனை விரட்டுவதை நான் ஏற்கவில்லை. வளர்ப்பதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைக்கஸ் பாசி அக்கரையில் குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்ததையும் மறக்கக் கூடாது.

2024இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரின வளர்ப்புக்காக விடுவிக்க வர்த்தமானி வந்தது. உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. கண்டலையும் பறவைகளையும் காட்டி அதை எதிர்த்தவர்களோடு நானும் நிற்கிறேன். கூடவே ஒரு கோரிக்கை: மன்னார் மாவட்டத்தில் கூட்டுக்கோ குளத்துக்கோ அனுமதி கேட்கும் எவரும், என்ன தீனி, அதில் மீன்தூள் எத்தனை சதவீதம், எந்தக் கரையில் பிடித்த மீன் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதித் தர வேண்டும். எழுத முடியாதவருக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.