குற்றப் படங்களும் ‘அரசியலற்ற’ விமர்சனமும்

திரைப்பட விமர்சனத்தில் அரசியலைக் கலக்கலாகாது என்றதொரு கூக்குரல் பழைய குற்றப் படங்களைப் போற்றும் இரசிகர் மத்தியில் அடிக்கடி எழுகின்றது. கொலை, துப்பறிதல், துரத்தல், தண்டனை என்பவற்றாலாய விறுவிறுப்பான கதையொன்றிற் கொள்கையைத் தேடுவது வீண்வேலை என்பதும், அவ்வாறு தேடுவோர் கலையைச் சுவைக்கத் தெரியாதவர் என்பதும் இவர்தம் வாதம். நடுநிலை போலத் தோன்றும் இவ்வாதம் வரலாற்றின் முன் நிற்கவல்லதன்று.

குற்றம் என்பது சட்டத்தை மீறுதல். சட்டமோ அரசு ஆக்குவது. ஆகவே அரசைத் தொடாது குற்றக்கதை சொல்வது எவ்வாறு? இவ்வுண்மையை இரசிகர் மறந்தாலும் ஹொலிவூட் மறந்ததில்லை. 1930இல் வகுக்கப்பட்டு, 1934 முதல் இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவை, குற்றவாளிமீது பார்வையாளருக்கு அநுதாபம் பிறக்கலாகாது என்றும், சட்டம் ஏளனஞ் செய்யப்படலாகாது என்றும் விதித்தது. 1968இல் அது கைவிடப்படும்வரை வெளிவந்த படங்களிற் குற்றவாளி இறுதியில் வீழ்ந்தமைக்குக் கதையின் தருக்கம் மட்டுமா காரணம்?

1947இல் வெளிவந்த ‘குறொஸ்பயர்’ தக்கதோர் உதாரணம். யூதர் ஒருவரை வெறுப்பினாற் கொன்ற போர்வீரனைத் தேடும் கதை அது. அதற்கு மூலமான றிச்சர்ட் புறூக்ஸின் நாவலிற் கொலையுண்டவர் யூதரல்லர், தற்பாலீர்ப்பாளர். ஒழுக்கக்கோவை அதைத் திரையிற் காட்ட இடந்தராமையால் அவர் யூதராக மாற்றப்பட்டார். அதே ஆண்டில், அப்படத்தின் நெறியாளர் எட்வேர்ட் டிமிற்றிக்கும் தயாரிப்பாளர் ஏட்றியன் ஸ்கொற்றும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்தமையால் ஆர்.கே.ஓ. நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டனர், பின்னர் சிறையும் சென்றனர். படைத்தோரையே சிறைக்கு அனுப்பிய அரசியலை விமர்சகன் மட்டும் காணாதிருத்தல் வேண்டுமென்பது என்ன நியாயம்?

இவ்விவாதம் மிகச் சூடாக எழுந்தது, டொன் சீகல் 1971இல் நெறிப்படுத்திய ‘டேர்ட்டி ஹரி’ பற்றியேயாம். சான் பிரான்சிஸ்கோ நகரப் பொலிஸ் அதிகாரி கலகன், கொலைகாரனொருவனைச் சித்திரவதை செய்து உண்மையை வரவழைக்கிறான். சான்றுகள் சட்டத்துக்குப் புறம்பாகப் பெறப்பட்டமையால் அவன் விடுவிக்கப்படுகிறான். மீண்டும் கொடுமை புரிகிறான். கைதிக்கு அவனது உரிமைகளை அறிவித்தல் வேண்டுமென 1966இல் உயர் நீதிமன்றம் மிராண்டா வழக்கில் அளித்த தீர்ப்பு படத்திற் பெயர் சுட்டியே இகழப்படுகிறது. போலின் கேல், றோஜர் ஈபேர்ட் ஆகிய விமர்சகர் இதிற் பாசிசத்தைக் கண்டனர். ‘வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை பெரிய வசையா?’ என இரசிகர் சினந்தனர்.

ஆயின், அவ்விமர்சகர் படத்தின் தொழில்திறனை மறுத்தாரல்லர். திறனே இங்கு ஆராயத்தக்கது. கொலைகாரன் சுடுவதைப் பார்வையாளர் தொடக்கத்திலேயே கண்ணாற் காண்கின்றனர். அவன் குற்றவாளி என்பதில் எள்ளளவும் ஐயமில்லை. வாழ்க்கையிலோ பிடிபட்டவன் குற்றவாளிதானா என்பது எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. அந்த ஐயத்தின் பொருட்டே கைதியின் உரிமைகள் தோன்றின. ஐயத்தை முதலில் அகற்றிவிட்டு, உரிமைகளைப் பின்னர் மடமையெனக் காட்டுகிறது படம். சித்திரவதையைப் பார்வையாளன் மனம் ஒப்பி வரவேற்பது இதனாலேயே. விறுவிறுப்பும் அரசியலும் இங்கு வேறுவேறல்ல; ஒன்றே மற்றதன் கருவி.

இனி, மறுபுறத்தே நிற்போரையும் நோக்குதல் தகும். படத்தின் கொள்கைக்கு முத்திரையொன்றைக் குத்திவிட்டால் விமர்சனம் முடிந்தது என எண்ணுவோர் அவர். சாமுவேல் புல்லரின் ‘பிக்கப் ஒன் சவுத் ஸ்றீற்’ (1953) இவர்களைத் திகைக்கவைக்கும். பணப்பையைத் திருடிய ஒருவன் கையிற் கம்யூனிஸ்ட் உளவாளிகள் தேடும் நுண்படச் சுருள் அகப்படும் கதை அது. பிரான்சில் வெளியிட்டபோது, உளவாளிகளைப் போதைப்பொருட் கடத்தற்காரராக்கி உரையாடலையே மாற்றினர். ‘அரசியலை நீக்கியும் படம் ஓடியதன்றோ?’ என்பார் கேட்கலாம். நீக்குவதற்கு அத்தனை பாடு பட்டமையே அது அங்கு இருந்தமைக்குச் சான்று. மறுபுறம், தேசபக்தியைச் சொல்லி வேண்டும் அதிகாரிகளை அத்திருடன் எள்ளி நகையாடுவதை எவ்.பி.ஐ. தலைவர் ஹூவர் ஆட்சேபித்தார் எனப் புல்லரே தம் நினைவுநூலிற் பதிந்துள்ளார். கம்யூனிச எதிர்ப்புப் படம் என்ற ஒற்றை முத்திரைக்குள் இப்படம் அடங்குமா?

ஆதலின் விமர்சகனின் கடமை இரட்டிப்பானது. படம் எவர் பக்கம் நிற்கிறது என்று கேட்பதோடு, காட்சியமைப்பினாலும் கதைப்பின்னலினாலும் பார்வையாளனை அப்பக்கம் எவ்வாறு இழுக்கிறது என்பதையும் அவன் காட்டுதல் வேண்டும். முன்னதை விடுத்தவன் விளம்பரக்காரன். பின்னதை விடுத்தவன் தணிக்கைக்காரன். பழைய படங்களை மெய்யாக நேசிப்போர், அவற்றை இவ்விருவர் கையிலும் ஒப்படைக்க மாட்டார்.