நீச்சலுடையின் விலையில் தைத்தவருக்கு எவ்வளவு?

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நிலாவெளி, உப்புவெளிக் கடல் அமைதியாக இருக்கும். அந்த மாதங்களில் வருகிற வசதியான சுற்றுலாப்பயணிகள் சிலர் சிறிய விமானத்தில் சீனன்குடாவில் வந்து இறங்குகிறார்கள். பெயர்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் நீச்சலுடை 300 டொலருக்கும் மேலே போகும். இலங்கையில் 2026 ஜனவரி முதல் சட்டப்படியான ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா, ஏறத்தாழ 100 டொலர். ஓர் உடுப்புக்கு மூன்று மாதச் சம்பளம்.

அந்த விலை துணிக்கானதல்ல. விலை கூடியதும் குறைந்ததும் பெரும்பாலும் நைலோனும் எலஸ்டேனும் கலந்த துணிதான். மிச்சமெல்லாம் பெயர், விளம்பரம், கடை வாடகை, இலாபம். நீச்சலுடை தைப்பதும் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. மாஸ் குழுமத்தின் லீனியா அக்வா நிறுவனம் உலகச் சந்தைக்கு அதைத்தான் தைக்கிறது.

ஆகவே அதே தோற்றத்தைக் குறைந்த செலவில் பெறலாம். ஏற்றுமதியில் மிஞ்சி, லேபல் வெட்டப்பட்டு விற்பனைக்கு வரும் உடுப்புகளில் தேடலாம். துணியை இழுத்துவிட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியக்கூடாது. உள்துணி இருக்க வேண்டும். இழுக்கும்போது தையல் அறக்கூடாது. ஒரே நிறம், எளிமையான வெட்டு என்றால் விலை குறைந்ததும் எடுப்பாகத் தெரியும். குளித்தபின் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் காயவிட்டால் நீண்டநாள் உழைக்கும். எங்கள் பெண்கள் பலர் சுரிதாருடனேயே கடலில் இறங்குகிறார்கள். நனைந்த பருத்தி பாரமாகிக் காலைச் சுற்றும். இதே துணியில் நீளக்கை மேற்சட்டையும் காற்சட்டையும் உடலையும் மறைக்கும், நீந்தவும் விடும். யுத்தத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாகத் தையல் மெசின் பெற்ற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வளைந்த தையல் போடும் மெசினும் இழுபடும் துணிக்கான ஊசியும் இருந்தால் அவர்களாலேயே இதைத் தைக்க முடியும்.

ஆனால் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் நான் கேட்க விரும்புகிறேன். யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் பெரிய ஆடைத்தொழிற்சாலைகள் வந்தன. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு அது மாதம் தவறாத வருமானம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தது. ஓகஸ்டில் அது 20 வீதமானது. இப்படி ஒரு வரி வந்தால் கொள்வனவாளர் விலையைக் குறைக்கச் சொல்வார், முதலாளி உற்பத்தி இலக்கைக் கூட்டுவார். கடைசியில் அந்தச் சுமை மெசினுக்கு முன்னால் இருப்பவளின் முதுகில்தான் இறங்கும்.

ஐரோப்பாவின் கதை வேறு. ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 27 சர்வதேசச் சமவாயங்களோடு கட்டப்பட்டது. சித்திரவதைக்கு எதிரான சமவாயம் முதலியவற்றைச் சரிவர நிறைவேற்றவில்லை என்று 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்ட சலுகை, 2017 மே மாதத்தில்தான் திரும்பக் கிடைத்தது. எங்கள் மக்களின் துன்பமும் எங்கள் பெண்களின் வேலையும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சமவாயங்களில் தொழிற்சங்க உரிமையும் அடங்கும். சலுகை மீளாய்வுக்கு வரும்போதெல்லாம் முதலாளிமாரின் குரல் பலமாகக் கேட்கிறது. பெயருக்குக் கொடுக்கும் காசை நாங்கள் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். தைத்தவளின் கூலியில் யாரும் மிச்சம் பிடிக்காமல் இருக்க, அந்த மேசையில் அவளுக்கும் ஓர் இடம் வேண்டும்.