காணாமல் போன 28 மணி நேரம்

ஒரு சின்னக் கணக்குப் போடலாம், வாருங்கள்.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. முதலில் தீயணைப்பு வண்டி வருகிறது. பிறகு ஆம்புலன்ஸ். மூன்றாவதாக போலீஸ் ஜீப். முதலாளி ஊரில் இல்லை. போர்மேன் இருக்கிறார். ‘சும்மா ஒரு விசாரணைதான் அண்ணாச்சி, போயிட்டு வந்திரலாம்’ என்கிறார் ஏட்டய்யா. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் 5 மணிக்கு ஜீப்பில் ஏறுகிறார் போர்மேன். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிற்கிறார். காகிதத்தில் எழுதியிருக்கிறது: ‘புதன் இரவு 9 மணிக்கு, பஸ் ஸ்டாண்ட் அருகே கைது.’

காகிதத்தின்படி 14 மணி நேரம். சட்டம் திருப்தி. போர்மேனின் மனைவியைக் கேட்டால் 42 மணி நேரம். நடுவில் 28 மணி நேரம் எங்கே போனது?

இது நான் போட்ட உதாரணம்தான். ஆனால் ஸ்டேஷன் வாசலில் ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுந்த எந்தக் குடும்பத்தை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ‘இதிலென்ன உதாரணம், எங்க வீட்டுக் கதையாச்சே’ என்பார்கள்.

அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 57-வது பிரிவு. 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 58. நம்பர்தான் மாறியது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்று எந்த விதிவிலக்கும் கிடையாது. கோர்ட் பூட்டியிருந்தால் மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும்.

ஓட்டை சட்டத்தில் இல்லை. கடிகாரத்தில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பவர் யாரைப் பிடித்தாரோ, அவருடைய உரிமையும் அவர் சாவியில்தான் தொங்குகிறது.

கைது என்பது போலீஸ் எழுதும்போது தொடங்குவதில்லை. ஒருவரை நகரவிடாமல் நிறுத்தும்போதே தொடங்கிவிடுகிறது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. ‘விசாரணைக்காக வைத்திருந்தோம்’ என்ற சாக்கு அங்கேயே செத்துப்போயிருக்க வேண்டும். நம் ஸ்டேஷன்களில் அது இன்னும் ஜம்மென்று உயிரோடிருக்கிறது.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. ‘திருடனுக்கும் ரவுடிக்கும் என்ன சார் உரிமை? போலீஸ் விசாரிக்கவே கூடாதா?’

தாராளமாக விசாரிக்கட்டும். மாஜிஸ்திரேட்டிடம் காரணம் சொல்லிக் கேட்டால் 15 நாள் வரை போலீஸ் காவலே கிடைக்கும். கேட்டு வாங்கக்கூடிய ஒன்றை ஏன் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டும்? அந்த போர்மேன் நிரபராதி என்று நான் சர்டிபிகேட் தரவில்லை. நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்கார வைத்தவராகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது கோர்ட். ஸ்டேஷனின் பின்பக்க அறை அல்ல.

சரி, மனைவி என்ன செய்யலாம்? ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்கு மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். வக்கீல் வேண்டும். பஸ் காசு வேண்டும். தீப்பெட்டி ஒட்டியும் திரி வெட்டியும் கிடைக்கிற கூலியை இழக்க வேண்டும். இத்தனையும் செய்து மனு விசாரணைக்கு வரும்போது அரசு வக்கீல் எழுந்து, ‘அவரை ரிமாண்ட் செய்தாகிவிட்டது’ என்பார். அத்தோடு மனு முடிந்தது. காணாமல் போன 28 மணி நேரத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அடுத்த வாரம் இன்னொரு ஜீப். இன்னொரு மனைவி.

ஒவ்வொருவராகப் போனால் ஒவ்வொருவராகத் தோற்போம். இதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ரிவர்சைடு என்று ஒரு கவுண்டி. வாரண்ட் இல்லாமல் பிடிபட்டவர்களை இரண்டு நாளில் நீதிபதி முன் நிறுத்துவோம் என்றார்கள். ஆனால், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் கணக்கில் வராதாம். வாரக் கடைசியில் மாட்டினால் ஐந்து நாள். நம்மூர் தீபாவளி மாதிரி அவர்களுக்கு ‘தேங்க்ஸ்கிவிங்’. அப்போது மாட்டினால் ஏழு நாள். இதை எதிர்த்துப் போட்ட வழக்கு ஒரு தனி ஆளுக்காக அல்ல. அந்த நிலையில் இருந்த எல்லோருக்காகவும். ‘கிளாஸ் ஆக்‌ஷன்’ என்பார்கள். 1991-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் 48 மணி நேரம் என்று பொதுவான வரம்பு வைத்தது. அதுகூட அதிகம், 24 மணி நேரம் போதும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா. அவர் ஒன்றும் புரட்சிக்காரர் அல்ல. பழமைவாதிகளின் செல்லப்பிள்ளை!

அவர் ஆசைப்பட்ட 24 மணி நேரத்தை நாம் 1950-லேயே எழுதி வைத்துக்கொண்டோம். எழுதி மட்டும் வைத்துக்கொண்டோம்.

எல்லோருக்காகவும் வழக்குப் போடுவது நமக்குப் புதிதா என்ன? 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களுக்காக வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்சநீதிமன்றம் போனார். ஹுஸைனாரா காத்தூன் என்ற பெண் கைதியின் பெயரில் நின்ற வழக்கு, பெயரே தெரியாத ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கதவைத் திறந்தது. 1986-ல் மேற்கு வங்கத்திலிருந்து டி.கே. பாசு தலைமை நீதிபதிக்கு லாக்கப் சாவுகள் பற்றி ஒரு கடிதம் எழுதினார். கடிதமே வழக்கானது. கைது செய்தால் நேரத்தை எழுது, சாட்சிக் கையெழுத்து வாங்கு, குடும்பத்துக்குச் சொல் என்று 11 கட்டளைகள் பிறந்தன. அந்தத் தீர்ப்பின் தேதி 1996 டிசம்பர் 18.

அதற்கு எட்டு நாள் முன்னால், டிசம்பர் 10-ம் தேதி, இதே உச்சநீதிமன்றம் சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. எந்தக் குழந்தையும் தனியாக வக்கீல் வைக்கவில்லை. மொத்தமாகப் போனதால் மொத்தமாகக் கேட்டது கோர்ட்.

ஆனால், 24 மணி நேரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் மட்டும் போதுமா? 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் பென்னிக்ஸையும் பிடித்தார்கள். மறுநாளே ரிமாண்ட். நேரம் தவறவில்லை. ஆனால், அந்த உடம்புகளில் இருந்த காயங்கள் ரிமாண்டைத் தடுக்கவில்லை. 22-ம் தேதி இரவு மகன் போனார். விடிவதற்குள் அப்பாவும் போனார். 1980-ல் பாகல்பூரில் கண் குருடாக்கப்பட்டவர்களையும் மாஜிஸ்திரேட்டுகள் எப்படிக் காயம் என்று கேட்காமலேயே சிறைக்கு அனுப்பினார்கள். நாற்பது வருஷத்தில் நாம் கற்றது அவ்வளவுதான்.

2025 ஜூனில் திருப்புவனம். விருதுநகருக்குப் பக்கத்து மாவட்டம். நகை காணோம் என்று ஒரு புகார். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். எந்த கோர்ட் படியையும் மிதிக்காமலே செத்துப்போனார். கைது என்று எழுதினால்தானே 24 மணி நேரம்?

எனவே, ஒரு ஆளுக்காக அல்ல, மதுரைக் கிளையின் எல்லைக்குள் இருக்கிற அத்தனை ஸ்டேஷன்களுக்குமாக ஒரு பொதுநல வழக்கு வேண்டும். கேட்க வேண்டியது மூன்றே விஷயம். ஜீப்பில் ஏறும் நிமிடத்திலிருந்து கணக்கு ஓட வேண்டும். ஸ்டேஷன் கேமராப் பதிவை ரிமாண்ட் காகிதத்தோடு சேர்த்து மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். 18 மாதம் வரை பதிவைப் பாதுகாக்க 2020 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. மூன்றாவது, போலீசை வெளியே நிறுத்திவிட்டு மாஜிஸ்திரேட் ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுத வேண்டும்: ‘உங்களை எப்போது கூட்டி வந்தார்கள், அடித்தார்களா?’

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டாம். வழக்குப் போட வழக்கறிஞர் சங்கங்கள் இருக்கின்றன. தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. சந்தா வாங்குகிறவர்கள் ஒருமுறை மதுரை வரை போய்வரட்டும்.

பட்டாசுத் தொழிலாளி யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள்: கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ராத்திரி தங்கினால் ஆபத்து. சிவகாசியில் மருந்துக்கு இருக்கிற இந்த விதி, பக்கத்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிற மனுஷனுக்கும் இருக்கிறது. மருந்து விஷயத்தில் மீறினால் வெடிக்கிறது, ஊருக்கே கேட்கிறது. மனுஷன் விஷயத்தில் மீறினால் சத்தமே வருவதில்லை.

அந்தச் சத்தத்தை நாம்தான் போட வேண்டும்.