மணமில்லாப் பகை

அடுப்பங்கரையில் எரியும் தீ நமக்குப் பழகிய தீ. அது புகைந்தாற் கண் கரிக்கும்; கறி அடிப்பிடித்தால் மூக்கு முன்னதாக அறியும். தீயோடு வாழ்ந்த நம் முன்னோர் இப்புலன்களையே காவலாக நம்பினர். ஆனால் இன்று கடல் கடந்து வாழும் நம்மவரின் வீடுகளில், மாரிகாலம் முழுவதும் இரவு பகலாக எரியும் வேறொரு தீ உண்டு. அது இரும்புப் பெட்டியொன்றினுள் மறைந்து எரிவது. அதனால் வரக்கூடிய பெருங்கேட்டையோ கண்ணும் அறியாது, மூக்கும் அறியாது. அதனைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

இணுவிலில் இருந்துகொண்டு கனடாவின் வெப்ப உலையைப் பற்றி ஏன் பேசவேண்டும் என வாசகர் வினவலாம். ஒன்ராறியோ மாகாணத்தில் உற்றாரோ உறவினரோ இல்லாத குடும்பம் நம் ஊரில் எத்தனை? படிப்பின் பொருட்டு அங்கே செல்லும் மாணவரும் பலர். போய்ச் சேர்ந்தவுடன் அவர்களிற் பலருக்குக் கிடைக்கும் உறைவிடம், ஸ்கார்புரோவிலோ மார்க்கத்திலோ ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையாகும். வீட்டை வெப்பமாக்கும் உலையும் பெரும்பாலும் அந்நிலக்கீழ்த் தளத்திலேயே நிற்கும். பிள்ளையின் கட்டிலுக்கும் உலைக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான் உண்டு. மிளகாய்த்தூளும் கம்பளிச் சட்டையும் கொடுத்து வழியனுப்பும் பெற்றோர், இவ்வுலையைப் பற்றிய அறிவையும் கூடவே கொடுத்தனுப்புதல் நன்று.

அவ்வுலை தொழிற்படும் விதம் எளிது. குழாய்வழி வரும் இயற்கை வாயு மூடிய அறையொன்றில் எரிகின்றது. எரிந்த சூடான வாயு உலோகக் குழாய்களின் உள்ளே செல்லும். வீட்டுக் காற்று அக்குழாய்களின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறி அறைகளுக்குப் போகும். இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. பழைய உலைகளில், எரிந்த வாயு மிகுந்த வெப்பத்தோடு புகைபோக்கி வழியே வீணே வெளியேறிற்று. இக்காலத்து உயர்திறன் உலையிலோ இரண்டாவது குழாய்த் தொகுதியொன்று உண்டு. அதிற் செல்லும்போது வாயுவிலுள்ள நீராவி குளிர்ந்து நீராகி, தன்னிடமுள்ள மறைவெப்பத்தையும் கொடுத்துவிடுகின்றது. கனடாவில் 2019 ஆம் ஆண்டு ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய வீட்டு வாயு உலைகள் பொதுவாக 95 வீதத் திறனேனும் உடையனவாயிருத்தல் வேண்டும் என்பது விதி. அதாவது எரிபொருளின் நூறு பங்கு வெப்பத்தில் 95 பங்கு வீட்டுக்கு வந்து சேரவேண்டும்.

இச்சிக்கனத்தோடு சில கடமைகளும் வந்தன. வெளியேறும் வாயு குளிர்ந்திருப்பதால் அதற்கு உயர்ந்த புகைபோக்கி வேண்டியதில்லை. சுவரைத் துளைத்துச் செல்லும் பிளாஸ்டிக் குழாயே போதும். அக்குழாயின் வாய் நிலத்திலிருந்து அதிக உயரத்தில் இராது. ஆதலால் பெரும் பனி கொட்டும் நாளில் அது மூடப்படலாம். பனி பெய்து ஓய்ந்ததும் வாசலைத் துப்புரவாக்குவோர், காற்றை உள்ளே இழுக்கும் குழாயையும் புகையை வெளியேற்றும் குழாயையும் சென்று பார்த்துக் கையாற் பனியை அகற்றுதல் வேண்டும். உலையிலிருந்து வடியும் நீர் சற்றே அமிலத்தன்மை உடையது. அது செல்லும் சிறு குழாய் அடைபட்டால் உலை நின்றுவிடும்.

இனி வீட்டார் தாமே செய்யக்கூடியவை யாவை? காற்று வடிகட்டியை மாதந்தோறும் எடுத்துப் பார்த்து, அதன் வகைக்கேற்ப ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். மாற்றுமுன் உலையின் மின் ஆளியை நிறுத்தவேண்டும்; வடிகட்டியிலுள்ள அம்புக்குறி காற்றுச் செல்லும் திசையை நோக்கியிருக்க வேண்டும். தூசி அடைந்த வடிகட்டி காற்றோட்டத்தைத் தடுத்து உலையை மிகையாகச் சூடேற்றும். இடவசதி இல்லையென்று பெட்டிகளையும் துணிமணிகளையும் உலையோடு சேர்த்து அடுக்கலாகாது. வர்ணம், பெற்றோல் முதலியவற்றை அதன் அருகே வைக்கவே கூடாது.

இவற்றுக்கு அப்பால் நம் கை போகலாகாது. பழுதான பம்பியைத் தாமே கழற்றிப் பூட்டிப் பழகியவர்கள் நம் ஊரார். அது நல்ல பழக்கமே. ஆயினும் வாயு உலையின் உட்புறம் அக்கைவண்ணத்தைக் காட்டும் இடமன்று. ஒன்ராறியோவில் வாயுக் கருவிகளைத் திருத்துவோர் டி.எஸ்.எஸ்.ஏ. என்னும் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அத்தகைய ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்குமுன் அழைத்து, எரிகலன், உணர்கருவி, வெப்பக் குழாய்கள், புகைவழி ஆகியவற்றைச் சோதிப்பித்தல் அறிவுடைமை. வெப்பக் குழாயில் வெடிப்பு ஏற்பட்டால், வெளியேறவேண்டிய வாயு வீட்டுக் காற்றோடு கலக்க இடமுண்டு.

அங்ஙனம் கலந்தால் வருவதே நாம் தொடக்கத்திற் குறித்த மணமில்லாப் பகை. எரிதலுக்குப் போதிய ஒட்சிசன் கிடையாதபோது காபனோரொட்சைட்டு என்னும் வாயு தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதனைப் பற்றிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு என்பன முதலில் தோன்றும். தடிமன் காய்ச்சல் வரப்போகின்றது என்று எண்ணிப் படுத்துக்கொள்வோர் பின்னர் எழாமலே போவதுண்டு. வீட்டில் உள்ளோர் பலருக்கும் ஒரே வேளையில் இக்குறிகள் தோன்றி, வெளியே சென்றாற் குறையுமாயின் ஐயுறுதல் வேண்டும்.

ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரிலே 2008 ஆம் ஆண்டில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று இவ்வாயுவால் மாண்டது. அவ்வீட்டின் வாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. எச்சரிக்கும் கருவியும் அங்கில்லை. அத்துயரின் பின் எழுந்த முயற்சியால் 2013 இல் ஹோக்கின்ஸ் கிக்னாக் சட்டம் நிறைவேறிற்று. 2014 ஒக்டோபர் முதல், எரிபொருட் கருவியுள்ள வீடுகளில் உறங்கும் இடத்தருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கை மணி இருத்தல் கட்டாயமாயிற்று. வாடகை வீடாயின் அதனைப் பொருத்தித் தருவது வீட்டுக்காரரின் கடமை. அதனைக் கழற்றாமலும் நிறுத்தாமலும் காப்பது குடியிருப்பவரின் கடமை.

சட்டம் இருந்தும் நம்மவரிடையே ஒரு தயக்கம் உண்டு. வீட்டுக்காரர் பலவேளைகளில் உறவினராக, அன்றேல் ஊரவராக இருப்பார். வாடகையையும் குறைத்துத் தந்திருப்பார். "மணி எங்கே, மாமா?" என்று கேட்டாற் குறை கூறுவதாக எண்ணுவாரோ என்று பிள்ளை வாளாவிருக்கும். மரியாதை நல்லது, ஆனால் உயிரைக் காக்கும் ஒன்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. வீட்டுக்காரரும் அக்கேள்வி எழுமுன் தாமே பொருத்திவைத்தலே பெருந்தன்மை. அவருடைய பிள்ளைகளும் அதே கூரையின் கீழ்த்தானே உறங்குகின்றனர்!

மணி ஒலித்தால் எல்லோரும் உடனே வெளியேறி, வெளியே நின்று 911 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். யன்னலைத் திறந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளுதல் ஆகாது. அழுகிய முட்டை போன்ற நாற்றம் வந்தால் அது வேறு அபாயம். எரியாத வாயு கசிகின்றது என்பதற்கு அறிகுறி. மின் ஆளி எதனையும் தொடாது, நெருப்பு மூட்டாது, வெளியேறிய பின்பே தொலைபேசியை எடுத்தல் வேண்டும்.

நிற்க. இவ்வறிவு கனடாவுக்கு மட்டும் உரியதன்று. 2021 ஆம் ஆண்டு இறுதியில் நம் நாட்டின் பல பாகங்களிலும் சமையல் வாயு வெடிப்புகள் நிகழ்ந்து, அரசு நிபுணர் குழுவொன்றை நியமித்ததை வாசகர் மறந்திரார். நம் உருளைகளிலுள்ள வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். ஆதலால் இறப்பர்க் குழாயையும் இணைப்பையும் சவர்க்கார நீர் பூசிச் சோதித்தலும், இரவிற் படுக்குமுன் உருளையின் வாயை மூடுதலும் நம் கடமைகள். பிள்ளை பெற்றவளின் அறையைப் பூட்டிக் கரிச்சட்டி வைப்பதிலும், மின்தடையின்போது மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள்ளே இயக்குவதிலும் அதே காபனோரொட்சைட்டுப் பகை ஒளிந்திருக்கின்றது.

ஞாயிறுதோறும் தொலைபேசியிற் பிள்ளையோடு பேசும் தாய்மார் "சாப்பிட்டாயா?" என்று கேட்பது வழக்கம். இவ்வாரம் அதனோடு இன்னொன்றும் கேட்பார்களாக: "உன் அறைக்கு அருகே மணி உண்டா? அதனை அழுத்திப் பார்த்தாயா?"