சீசா இல்லாத வரலாறு

பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரை ஒட்டிய பகுதியில் லாம்பிக் என்றொரு பியர் உண்டு. ஈஸ்ட் சேர்ப்பதில்லை, காய்ச்சிய சாற்றை இரவுக் காற்றில் திறந்து வைத்தால் தானே நொதிக்கும். அவ்வகை ஆலையொன்று மூடப்பட்டால், சீசாவில் ஒட்டிய தாள்வரை சேகரித்து அங்கே வரலாறு எழுதுகிறார்கள்.

நம் கள்ளும் அவ்வினமே. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கினால் பதநீர். தடவாவிடில் காற்றிலும் கலயத்துப் பழைய வண்டலிலும் உள்ள நுண்ணுயிர்களே பொங்க வைத்துவிடும். லாம்பிக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர்வது. கள்ளோ மறுநாளே புளித்துக் காடியாகத் தொடங்கும். எனவே சீசாவும் இல்லை, தாளும் இல்லை.

1987 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் கள்ளுக்கடைகள் இல்லை. சுந்தரர் பிறந்த திருநாவலூரின் கோயிலைப் பற்றி நிறையவே வாசித்திருக்கிறோம். அவ்வட்டாரத்துப் பனைகளில் பாளை சீவியோரைப் பற்றி ஒரு பக்கமும் நம் கண்ணில் பட்டதில்லை. சங்கப் பாடலின் கள்ளை மட்டும் மேடையில் சிலாகிக்கிறோம்!

2024 ஜூனில் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, கள்ளும் சாராயமும் ஒன்றென்றே பேசியோர் உண்டு. கடையைத் திறப்பதா என்பது வேறு வழக்கு. 1986-இல் கள் இறக்கியோரில் இளையவருக்கும் இன்று அறுபதை ஒட்டிய வயது. அவர்களிடம் போய்க் கேட்டு எழுத யாரிருக்கிறோம்?