பில்டருக்குள் எத்தனை கிராம் கரி?

காபி பில்டரில் பொடியை அழுத்திவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. மேலே வெந்நீர் தேங்கி நிற்கும். சொட்டும் வேகத்தை வைத்தே உள்ளே பொடி எப்படி இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். இன்றைய டீசல் கார்களும் ஓடும் நேரமெல்லாம் இப்படி ஓர் ஊகத்தைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 விதி அமலானபின், இந்தியாவில் விற்கப்படும் டீசல் கார்களின் புகைக்குழாயில் 'டி.பி.எஃப்.' என்ற கரி வடிகட்டி வந்துவிட்டது. தேன்கூடு போன்ற பீங்கான் உருளை அது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 200 குழல்கள். ஒரு குழலுக்கு முன்வாய் திறந்து பின்வாய் மூடியிருக்கும். பக்கத்துக் குழலுக்கு நேர்மாறு. உள்ளே வந்த புகை, நடுவில் உள்ள மெல்லிய நுண்துளைச் சுவர் வழியாகத்தான் வெளியேற முடியும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும்.

கரி சேரச் சேர எஞ்சினுக்கு மூச்சு முட்டும், மைலேஜ் குறையும். எனவே காரின் கம்ப்யூட்டர் அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கிறது. சீக்கிரம் எரித்தால் டீசல் வீண். தாமதித்தால், மண்டிய கரி ஒரேயடியாகப் பற்றி பீங்கான் விரிசல் விடலாம், உருகவும் செய்யலாம்.

எப்போது எரிப்பது? கரியை நிறுக்க உள்ளே தராசு கிடையாது. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்லும் சென்சார்தான் உண்டு. அந்த எண்ணைக் கிராமாக மாற்றும் கணக்கின் வேர், வேடிக்கையாக, தண்ணீரில் இருக்கிறது. பிரான்ஸின் திஜோன் நகரில் மணல் வழியே நீர் இறங்குவதை அளந்து, ஹென்றி டார்சி என்ற பொறியாளர் 1856-ல் ஒரு விதியை வெளியிட்டார். வேகமாகத் தள்ளினால் அழுத்த இழப்பு கூடும். தடுப்பு தடிமனானாலும் கூடும். 1989-ல் கான்ஸ்டன்டோபௌலோஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதையே புகை வடிகட்டிக்குப் பொருத்திக் கணக்கு வகுத்துக் கொடுத்தார்கள்.

வேகமும் வெப்பமும் மாறினால் அழுத்தமும் மாறும். அதைச் சூத்திரம் சமாளித்துவிடும். தொல்லை கொடுப்பது கரி உட்கார்ந்திருக்கும் இடம். சுத்தமான வடிகட்டியில் முதலில் வரும் கரி சுவரின் துளைகளுக்குள் புகுந்துகொள்ளும். கொஞ்சம் கரிக்கே அழுத்தம் சட்டென்று ஏறும். துளை நிறைந்தபின் மேலே படலமாகப் படியும். அப்போது ஏற்றம் நிதானம். பாதி எரிந்து நின்றுபோனால், துளைக்குள் இருந்த கரி போய், படலம் மட்டும் மிஞ்சக்கூடும். உள்ளே கரி நிறைய. சென்சார் காட்டுவதோ குறைவான அழுத்தம். இந்த ஏமாற்றத்துக்குப் பயந்தே, எஞ்சின் எவ்வளவு நேரம், எப்படி உழைத்தது என்பதிலிருந்து இன்னொரு கணக்கையும் கம்ப்யூட்டர் கையில் வைத்திருக்கிறது.

எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் வேறு கதை. அது எரியவே எரியாது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்து குழலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாம்பல் குறைந்த ஆயிலை கம்பெனி கேட்பது இதனால்தான். விலை மலிவு என்று வேறு ஆயில் ஊற்றுவது இங்கே சிக்கனம் ஆகாது.

அதிகம் அவதிப்படுவது பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் கார். வடிகட்டி சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் பழுது என்று பதற வேண்டாம். பெரும்பாலும், கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் ஒரே சீராகச் சிறிது நேரம் ஓட்டினால் அணைந்துவிடும். எரிப்பு பலமுறை பாதியில் நின்றிருந்தால் அந்தக் கூடுதல் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும். அளவு பார்க்கும் குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால், அடுத்த சர்வீஸ் தேதிவரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.